பகிர்ந்த கோப்புறையை இறக்கிக்கொள்ளுதல்

இக்காலத்துக் கல்லூரி வாழ்வில் ஒருவர்க்கொருவர் கொடுத்து வாங்கும் பொருள்களுள் பல இப்பொழுது கைம்மாறுவதே இல்லை. ஆசிரியர் தம் பாடக்குறிப்புகளை ஓரிடத்தில் வைத்து, அவ்விடத்தின் முகவரியை ஒற்றை வரியாக வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறார். ஆண்டு விழாவில் எடுத்த ஒளிப்படங்கள் அத்தனையும் அவ்வண்ணமே ஒரு வரியாக வந்து சேர்கின்றன. பெற்றோர் அவ்வரியைத் தொட்டுத் திறந்து பார்த்து, எல்லாம் இருக்கின்றன என மகிழ்ந்து மூடிவிடுகின்றனர். கேட்பவர்க்கும் "என்னிடம் இருக்கிறது" என்று விடை கூறுகின்றனர். உண்மையில் அவர்களிடம் இருப்பது முகவரி ஒன்றே. பொருளோ பிறரிடத்தில், பிறர் பெயரில், பிறர் விருப்பத்திற்கு உட்பட்டுக் கிடக்கிறது. இவ்வேறுபாட்டை உணராமையால் மாணாக்கர் பலர் தேர்வுக் காலத்திலும், அதனினும் மிகுதியாகக் கல்லூரியை விட்டு நீங்கிய பின்னரும் இடர்ப்படுவதைக் கண்டுள்ளேன், யானும் இடர்ப்பட்டுள்ளேன். ஆகவே பகிர்ந்த கோப்புறை என்பது யாது, அதனை முழுமையாக நம் கணினிக்கு இறக்கிக்கொள்வது எங்ஙனம், இடையே நேரும் குறைகள் எவை என்பனவற்றை இயன்ற அளவு விளக்கக் கருதினேன்.

'கிளவுட்' என்னும் சொல்லைத் தமிழில் மேகம் என்றும் முகில் என்றும் பெயர்த்து வழங்குகின்றனர். பெயர் வானத்தைச் சுட்டினும் பொருள் நிலத்திலேதான் இருக்கிறது. பெருங்கட்டடங்களில் அடுக்கடுக்காக நிறுத்திய கணினிகளின் வட்டுகளிலே நம் கோப்புகள் எழுதப்படுகின்றன. ஒரே கோப்பை ஒன்றுக்கு மேற்பட்ட வட்டுகளில் எழுதி வைப்பதனால், ஒரு வட்டுப் பழுதுற்றாலும் கோப்பு அழிவதில்லை. இதுவே இச்சேவைகளின் பெருஞ்சிறப்பு. டிராப்பாக்ஸ் 2007 இல் நிறுவப்பெற்று 2008 இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. ஆப்பிள் நிறுவனத்தின் ஐகிளவுட் 2011 இலும், கூகிள் டிரைவ் 2012 ஏப்ரலிலும் தோன்றின. மைக்ரோசாஃப்டின் களஞ்சியம் ஸ்கைடிரைவ் என்று பெயர் பூண்டிருந்தது. பிரிட்டனின் ஸ்கை தொலைக்காட்சி நிறுவனம் அப்பெயரை எதிர்த்து வழக்காடி வென்றமையால், 2014 இல் ஒன்டிரைவ் என மாறிற்று. விலையின்றிக் கிடைக்கும் இடம் கூகிளில் 15 ஜிகாபைட். மின்னஞ்சலும் ஒளிப்படங்களும் இதனுள்ளேயே அடங்கவேண்டும். ஒன்டிரைவில் 5, டிராப்பாக்ஸில் 2.

இக்களஞ்சியங்களில் ஒவ்வொரு கோப்புக்கும் உரிமையாளர் ஒருவர் உண்டு. அவர் ஒரு கோப்புறையைப் பகிர்கிறார் என்றால், அதனை எடுத்து நமக்கு அளித்துவிட்டார் என்பது பொருளன்று. வாசற்கதவைத் திறந்து வைத்தார் என்பதே பொருள். இணைப்பை உடையார் எவரும் நுழையலாம் எனவும், பெயர் குறித்த இன்னின்னாரே நுழையலாம் எனவும் அவர் வரையறுக்கலாம். நுழைந்தோர் பார்த்தல் மட்டும் செய்யலாமா, கருத்துரைக்கலாமா, திருத்தவும் செய்யலாமா என்பதும் அவர் விருப்பமே. கூகிள் டிரைவில் பகிர்ந்த பொருள் உரிமையாளரின் இடத்தையே அடைக்கிறது. நம் இடத்தில் அணுவளவும் குறைவதில்லை. இது சௌகரியமாகத் தோன்றினும், நம்மிடம் ஒன்றும் இல்லை என்பதற்கு இதுவே சான்றும் ஆகும். டிராப்பாக்ஸிலோ நிலைமை வேறு. பகிர்ந்த கோப்புறையில் ஒருவர் சேர்ந்துகொண்டால் அதன் அளவு சேர்ந்தவர் ஒவ்வொருவருடைய கணக்கிலும் ஏறும். 2 ஜிகாபைட் மட்டும் உடைய மாணாக்கர் ஒருவர் பெரிய கோப்புறையில் சேர இயலாது திகைப்பதன் காரணம் இதுவே. சேராமல் இணைப்பின் வழியே இறக்கிக்கொள்ள அவருக்குத் தடையில்லை.

இனி, திறந்த கதவு எவ்வெவ்வாறு மூடப்படும் என்பதைக் காண்போம். உரிமையாளர் பகிர்வை நீக்கிவிடலாம். கோப்புறையைக் குப்பைத்தொட்டியில் இடலாம்; கூகிள் டிரைவில் அங்ஙனம் இட்டது 30 நாள் கழிந்ததும் தானே அழிகிறது, அழிந்தபின் பகிர்ந்தோர் எவர்க்கும் அஃது இல்லை. இரண்டாண்டுகள் ஒருமுறையேனும் பயன்படுத்தாத தனியார் கணக்குகளை நீக்கும் விதியைக் கூகிள் 2023 டிசம்பர் முதல் நடைமுறைக்குக் கொணர்ந்தது. ஓய்வுபெற்ற ஆசிரியர், மறைந்த நண்பர் ஆகியோருடைய கணக்குகள் இவ்விதிக்கு எளிதில் இலக்காவன. கல்வி நிலையங்களின் செய்தி நமக்கு இன்னும் அணுக்கமானது. முன்னர் அவற்றுக்கு எல்லையின்றி இடமளித்துவந்த கூகிள், 2021 இல் அறிவித்து, 2022 முதல் ஒரு நிலையம் முழுமைக்கும் சேர்த்து 100 டெராபைட் என்னும் அடிப்படை வரம்பை விதித்தது. பல்லாயிரம் மாணாக்கர் பயிலும் பல்கலைக்கழகத்திற்கு இது பெரிய அளவன்று. ஆதலின் பழைய மாணவர் கணக்குகளை மூடவும் சுருக்கவும் பல பல்கலைக்கழகங்களுக்கு நேர்ந்தது. மூடிய கணக்கில் இருந்தவை அக்கணக்கினர்க்கு மட்டுமன்றி, அவர் பகிர்ந்த அனைவர்க்கும் ஒருங்கே மறைந்தன.

களஞ்சியமே மூடப்பட்ட வரலாறும் உண்டு. 2012 ஜனவரி 19 அன்று, பதிப்புரிமைக் குற்றச்சாட்டின் பேரில் அமெரிக்க அரசு மெகாஅப்லோட் என்னும் சேவையை முடக்கிற்று. குற்றமற்ற தம் சொந்தக் கோப்புகளை அங்கு வைத்திருந்தோரும் அன்றே அவற்றை இழந்தனர். ஒஹாயோ மாநிலத்தில் பள்ளி விளையாட்டுகளைப் படம் பிடித்துத் தொழில் நடத்திவந்த ஒருவர், தம் படங்களைத் திரும்பப் பெறுவதற்காக நீதிமன்றத்தை நாட வேண்டியதாயிற்று.

நிற்க. இறக்கிக்கொள்ளும் முறையைக் கூறுவேன். இதனைக் கைப்பேசியில் செய்யப் புகுவதினும் கணினியில் செய்வதே நன்று. பெருங்கோப்புறைக்குக் கைப்பேசியில் இடமும் போதாது, பிரித்து அடுக்குதலும் தொல்லை. கூகிள் டிரைவில் கோப்புறையின் பெயர்மீது வலச்சொடுக்கிப் 'பதிவிறக்கு' என்பதைத் தேர்ந்தால், உள்ளிருக்கும் கோப்புகளையெல்லாம் அச்சேவை ஸிப் என்னும் கட்டாகக் கட்டத் தொடங்கும். கட்டி முடிந்தபின் அக்கட்டு நம்மை வந்தடையும். சிறிய கோப்புறையாயின் காரியம் இவ்வளவே. பெரியதாயின் ஏறத்தாழ 2 ஜிகாபைட் அளவுள்ள பல கட்டுகளாகப் பிரிந்து, பெயரின் ஈற்றில் 001, 002 என எண் பெற்று வரும். மிகப் பெரிய தனிக்கோப்புகள் கட்டினுள் அடங்காமல் புறத்தே தனித்து வருதலும் உண்டு.

இழப்பு நேர்வது பெரும்பாலும் இந்நிலையிலேதான். ஒரே தளத்திலிருந்து பல கோப்புகள் அடுத்தடுத்து இறங்கும்பொழுது, "இதற்கு இசைகின்றீரா?" என்று உலாவி ஒருமுறை வினவும். அவ்வினா திரையின் மேல்மூலையில் சிறிதாகத் தோன்றும். அதனைக் காணாதோரும், அஞ்சி 'இல்லை' என்போரும் முதற்கட்டு ஒன்றையே பெறுகின்றனர். கட்டுகள் அனைத்தையும் பெற்றவரும் பிரிக்கும்பொழுது தவறுவர். கோப்புகள் கட்டுதோறும் வரிசையின்றிச் சிதறியிருக்கும். ஒரே பாடத்தின் முதற்பகுதி நான்காம் கட்டிலும் இரண்டாம் பகுதி முதற்கட்டிலும் கிடக்கும். விண்டோஸ் கணினியோ ஒவ்வொரு கட்டையும் அதனதன் பெயரால் வெவ்வேறு உறையில் பிரித்து வைக்கிறது. எல்லாவற்றையும் ஒரே இடத்திற் பிரித்து, ஒரே பெயருள்ள உறைகளை ஒன்றாக இணைத்தாலன்றிக் கோப்புறை தன் பழைய உருவைப் பெறாது.

என் அனுபவத்தை இவ்விடத்தில் சொல்லுதல் தகும். ஆசிரியர் ஒருவர் தாம் பல்லாண்டு கைப்பட எழுதிய குறிப்பேடுகளைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்துப் பகிர்ந்திருந்தார். ஐந்து கட்டுகளாக வந்தன. யான் இரண்டொரு கட்டைத் திறந்து பார்த்து மனநிறைவுற்று, ஐந்தையும் ஒரு வட்டில் இட்டு வைத்தேன். ஓராண்டு கழித்து ஒரு குறிப்பு வேண்டித் தேடியபொழுது மூன்றாம் கட்டுத் திறக்கவில்லை. இறங்கும்பொழுதே இணையம் அறுந்து பாதியில் நின்றிருக்கிறது. அதற்குள் ஆசிரியர் ஓய்வுபெற்று, அக்கணக்கும் மூடப்பட்டிருந்தது. எந்தச் சேவையின்மீதும் குற்றமில்லை, சோம்பல் என்னுடையது. முன்னைய வகுப்பு மாணாக்கர் ஒருவரிடம் முழுப்பிரதி இருந்தமையால் ஒருவாறு தப்பினேன்.

பாதி வந்த கட்டுப் பாதியளவேனும் திறக்க வேண்டாவோ எனின், அதன் அமைப்பை அறிந்தால் காரணம் விளங்கும். ஸிப் வடிவத்தை அமெரிக்கராகிய ஃபில் காட்ஸ் 1989 இல் வெளியிட்டார். நூல்களில் பொருளடக்கம் முதலில் நிற்கும். ஸிப் கட்டிலோ அஃது ஈற்றில் நிற்கிறது. கோப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக எழுதிச் சென்று, எந்தக் கோப்பு எவ்விடத்தில் தொடங்குகிறது என்னும் பட்டியலைக் கடைசியில் எழுதி முடிப்பதே அதன் முறை. ஆதலின் வால் அறுந்த கட்டில் பட்டியலே இல்லை. சாதாரண மென்பொருள் பட்டியலை நாடிக் காணாது, "இது ஸிப் அன்று" என்று கைவிரித்துவிடும். செவன்-ஸிப் போன்ற சில கருவிகள் பட்டியலின்றியும் முன்னிருந்து படித்துச் சிலவற்றை மீட்பதுண்டு. அதனை நம்பியிருத்தல் ஆகாது. அளவிலும் ஒரு பழைய தடை உண்டு. முதல் வடிவத்தில் 4 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட அளவையோ 65,535 கோப்புகளுக்கு மேற்பட்ட எண்ணிக்கையையோ குறிக்க இடமில்லை. 2001 இல் வந்த ஸிப்64 என்னும் விரிவு அத்தடையை நீக்கிற்று. ஆயினும் பழைய பிரிப்புக் கருவிகள் இன்றும் பெருங்கட்டைக் கண்டு மயங்குகின்றன. ஃபேட்32 முறையில் அமைந்த பென்டிரைவிலும் 4 ஜிகாபைட்டை எட்டிய தனிக்கோப்பு ஏறாது. இடம் நிறைய இருக்க, "கோப்பு மிகப் பெரிது" என்று அது மறுப்பதைக் கண்டு பென்டிரைவ் கெட்டதென எறிந்தாரும் உளர். எக்ஸ்ஃபேட் முறையில் மாற்றியமைத்தால் ஏறும். மாற்றுமுன் உள்ளிருப்பவற்றை வேறிடத்திற் காத்துக்கொள்க, அவை அழிந்துவிடும்.

டிராப்பாக்ஸ் இணைப்பின் ஈற்றில் 'டிஎல்' என்னும் ஈரெழுத்தும், அதனையடுத்து ஒரு சமக்குறியும் சுழியும் நிற்கக் காணலாம். அச்சுழியை 1 ஆக மாற்றினால் பக்கம் திறவாமல் கோப்புறை நேரே இறங்கத் தொடங்கும். கட்டை முன்னரே கட்டி வைக்காமல், கட்டிக்கொண்டே அனுப்பும் சேவைகளும் உள. இவ்வகையில் மொத்த அளவு அனுப்புவோர்க்கே முன்னதாகத் தெரியாதாகலின், எவ்வளவு மீதமுள்ளது என்று உலாவியாற் காட்ட இயலாது. இடையில் அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரவும் பெரும்பாலும் இயலாது. முதலிலிருந்தே தொடங்க வேண்டும். இணையம் அடிக்கடி அறும் விடுதி அறைகளில் இருந்துகொண்டு பெருங்கோப்புறையை ஒரே மூச்சில் இறக்க முயல்வதினும், உள்ளுறைகளை ஒவ்வொன்றாக இறக்குவதே விரைவில் முடியும்.

கட்டு முழுதாக வந்தும் சில பொருள்கள் வாராதிருக்கக்கூடும். கூகிள் டாக்ஸில் எழுதிய ஆவணங்கள் வோர்டு, எக்செல், பவர்பாயின்ட் முதலிய வடிவங்களுக்கு மாற்றப்பட்டு வருகின்றன. யார் எப்பொழுது திருத்தினார் என்னும் வரலாறு உடன் வருவதில்லை. கோப்புறையினுள் வேறிடத்துக் கோப்பைச் சுட்டும் குறுக்குவழிகள் இருந்தால், திரையில் அவை கோப்புப் போலவே தோன்றினும் கட்டில் அந்த மூலக்கோப்பு அடங்குவதில்லை. பார்வையாளர் இறக்குதலை உரிமையாளர் தடுத்திருந்தால் பதிவிறக்கு என்னும் சொல்லே தோன்றாது. அந்நிலையில் குறுக்கு வழி தேடாது அவரிடம் கேட்டுப் பெறுதலே முறை. ஒரே நாளில் மிகப் பலர் ஒரு கோப்பை இறக்கியிருந்தால், வரம்பு மீறியது என்று கூகிள் மறுக்கும். தேர்வுக்கு முதல்நாள் இரவு வகுப்பே திரண்டு ஒரே காணொளியை இறக்க முயல்வோர் இவ்வறிவிப்பைக் காணக்கூடும். அஃது ஒருநாள் அளவில் நீங்கிவிடுமேனும், தேர்வு அதுவரை காத்திராது.

பல ஜிகாபைட் அளவுள்ள கோப்புறைக்கு உலாவியை நம்பாமல் வேறு கருவியை நாடுதல் நலம். அவற்றுள் யான் விரும்புவது ஆர்குளோன் என்பது. நிக் கிரெய்க்-வுட் என்பார் தொடங்கிய இம்மென்பொருள் விலையற்றது. மூலநிரலும் எவர்க்கும் திறந்தது. அழகிய திரையெதுவும் இல்லாமல் கட்டளை வரியால் இயங்குவதாதலின் முதலில் சிறிது அச்சந்தரும். ஒருமுறை நம் கணக்கோடு இணைத்துவிட்டால், ஒரே கட்டளையில் கோப்புறை முழுவதையும் கோப்புக் கோப்பாக, கட்டாமலே, உள்ளுறைகளின் அமைப்பு மாறாமற் கொணர்ந்து வைக்கும். இடையில் நின்றால் அதே கட்டளையை மீண்டும் இடவேண்டுவதே; வந்தவற்றை விட்டு வாராதவற்றை மட்டும் கொணரும். குறுக்குவழிகளையும் பின்பற்றிச் சென்று மூலக்கோப்பையே எடுத்துவரும். இவற்றினும் மேலானது அதன் ஒப்புநோக்கும் திறன். ஏட்டைப் பெயர்த்தெழுதிய பின், ஒருவர் மூலத்தைப் படிக்க மற்றொருவர் படியைப் பார்த்துச் சரி காணுதல் நம் முன்னோர் வழக்கம். கணினியில் அவ்வேலையைச் செய்வது ஹாஷ் என்னும் சுருக்கக் குறி. கூகிள் டிரைவ் தன்னிடம் ஏற்றிய ஒவ்வொரு கோப்புக்கும் எம்டி5 என்னும் கணக்கின்படி 32 எழுத்துள்ள குறியொன்றை வைத்திருக்கிறது. நம்மிடம் வந்த கோப்புக்கும் அதே கணக்கைச் செய்து, இரு குறிகளும் ஒத்தால் கோப்பு மாற்றமின்றி வந்ததென அறியலாம். ஒரு படத்தில் ஒரு புள்ளி மாறியிருந்தாலும் குறி வேறுபட்டுவிடும். ஸிப் கட்டினுள்ளும் இதனினும் எளியதொரு குறி கோப்புதோறும் உண்டு; செவன்-ஸிப்பில் 'சோதி' என்பதை அழுத்தினால் கட்டு முழுவதையும் அது சரிபார்த்துச் சொல்லும். யான் அன்று அதனைச் செய்திருந்தால் ஒரு நிமிடத்தில் மூன்றாம் கட்டின் குறையைக் கண்டிருப்பேன்.

கணினியில் டிரைவ் மென்பொருளை நிறுவி, பகிர்ந்த கோப்புறைக்குக் குறுக்குவழி அமைத்துக்கொண்டோர், "அது என் வட்டிலேயே தெரிகிறதே" என்பர். தெரிவது வேறு, இருப்பது வேறு. பெயர்கள் மட்டும் நம் கணினியில் தோன்ற, திறக்கும்பொழுது உள்ளடக்கம் இணையத்தின் வழியே வருவது அதில் ஒரு முறை. கோப்புகள் மெய்யாகவே வட்டில் வந்து தங்கும் ஒத்திசைவு முறையிலும், உரிமையாளர் அங்கு அழித்தால் இங்கும் அழிகிறது. ஒத்திசைவு கண்ணாடி போன்றது. எதிரில் நிற்பவர் விலகினால் உருவமும் விலகும். அதனுள்ளிருந்து எடுத்து வேறோர் உறையில் வைத்த பிரதியே நம்முடைய பிரதி.

தமிழில் பெயரிட்ட கோப்புகளுக்கு மட்டும் உரிய சில தொல்லைகளும் உள. யூனிகோடு எழுத்துகளை யுடிஎஃப்-8 முறையில் எழுதும்பொழுது ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 1 பைட்டும், தமிழ்க் குறி ஒன்றுக்கு 3 பைட்டும் செல்லும். 'தமிழ்' என்னும் சொல், மெய்யும் குறியும் புள்ளியுமாக ஐந்து குறிகளாதலின், 15 பைட்டாகிறது. லினக்ஸ் கணினிகளில் ஒரு பெயர் 255 பைட்டுக்கு மேற்போகலாகாது. ஆகவே 85 குறிகளைக் கடந்த தமிழ்ப் பெயர் அங்குப் பிரியாது நின்றுவிடும். கட்டுரைத் தலைப்பு முழுவதையும் கோப்பின் பெயராக இடும் நம் பழக்கத்தால் இவ்வெல்லையை எட்டுதல் எளிது. விண்டோஸில் உறைக்குள் உறையாகச் செல்லும் முழுப் பாதையும் சேர்த்து 260 எழுத்து என்பது நெடுங்கால வரம்பு. வட்டின் தலைவாயிலில் ஓரெழுத்துப் பெயருடைய உறை அமைத்து அங்குப் பிரித்தால் பெரும்பாலும் தப்பலாம். ஸிப் வடிவத்தில் யுடிஎஃப்-8 பெயர்களுக்கான அடையாளம் 2006 இல்தான் வரையறுக்கப்பட்டது. அவ்வடையாளத்தை மதியாத பழங்கருவிகள் தமிழ்ப் பெயர்களைப் பொருளற்ற குறிகளாக்கிக் காட்டும். உள்ளடக்கம் கெடவில்லை; வேறொரு கருவியால் பிரித்தால் பெயர்கள் மீளும்.

இறக்கியவற்றைத் திறக்குமுன் ஓர் எச்சரிக்கை. 100 மெகாபைட்டுக்கு மேற்பட்ட கோப்புகளைக் கூகிள் டிரைவ் நச்சுநிரல் சோதனைக்கு உட்படுத்துவதில்லை. அதனை அறிவித்தே இறக்க விடுகிறது. குறிப்பும் படமும் இருக்க வேண்டிய கோப்புறையில் இயங்கு நிரல் ஒன்று இருப்பின் அதனைத் தொடாது விடுக. பிறர் ஒளிப்படங்களையும் ஆசிரியர் எழுத்துகளையும் நாம் வைத்திருக்க இசைவு பெற்றோமேயன்றி, ஊரார்க்கு வழங்க இசைவு பெற்றோமல்லேம் என்பதையும் பழைய மாணவர் குழுக்களில் உள்ளோர் கருத வேண்டும்.

இவ்வாண்டு படிப்பு முடித்துச் செல்வோர்க்கு ஒரு சொல். கல்லூரிக் கணக்கு எந்நாள் வரை திறந்திருக்கும் என்பதை அலுவலகத்தில் கேட்டு அறிந்துகொள்க. கூகிள் டேக்அவுட் என்னும் வசதி நமக்கு உரிமையான கோப்புகளைத் தொகுத்துத் தரும். கல்விக் கணக்கிலிருந்து சொந்தக் கணக்கிற்கு மாற்றும் வழியும், கல்லூரி இசைந்திருப்பின், அதனோடு உண்டு. 'என்னுடன் பகிர்ந்தவை' என்னும் பகுதியில் உள்ளன இவ்விரண்டிலும் அடங்குமென எண்ணியிருத்தல் ஆகாது. அவற்றை மேற்கூறிய முறைகளால் தனியே இறக்க வேண்டும். அன்றியும், நீங்கள் பிறர்க்குப் பகிர்ந்தவையும் உள. வகுப்புப் படங்களும், இளையோர் இன்னும் பார்த்துவரும் குறிப்புகளும் உங்கள் கல்லூரிக் கணக்கில் இருப்பின், அக்கணக்கு மூடும் நாளில் அவர்களுக்கும் அவை மறையும். விடுதியை விட்டுப் புறப்படுமுன் அவர்களுக்கு ஒரு வரி எழுதி, இன்ன தேதிக்குள் இறக்கிக்கொள்க என்று தெரிவித்துச் செல்வீராக.